டிஜிட்டல் ரசீது: டெல்டா கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் கடை நடத்துகிறவர்களுக்கும் அங்கே பொருள் வாங்குகிறவர்களுக்கும் எழுதியது இது. காகிதம் மிச்சமாகும் என்ற பேச்சு இதில் குறைவாகத்தான் இருக்கும். வாங்கிய அன்று யாருக்கும் பில் தேவைப்படுவதில்லை. ஐந்து மாதமோ ஒரு வருஷமோ கழித்துத்தான் தேவைப்படுகிறது. அன்றைக்கு அது கையில் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

டிஜிட்டல் ரசீது என்று எதைச் சொல்கிறீர்கள்? கூகுள் பே காட்டும் பச்சை டிக் போதாதா?

போதாது. இன்ன கணக்குக்கு இவ்வளவு பணம் போனது என்பதை மட்டும்தான் யுபிஐ செயலி சொல்லும். என்ன பொருள், எத்தனை, என்ன விலை, எவ்வளவு வரி, எதுவும் அதில் இருக்காது. கல்லாவில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி தொகையை அறிவிப்பதும் அப்படித்தான்.

கடையின் பெயர், முகவரி, பில் எண், தேதி, பொருள் விவரம், அளவு, விலை, வரி எல்லாம் உள்ள முழு பில் உங்கள் போனுக்கு வந்தால் அது டிஜிட்டல் ரசீது. வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வரலாம், எஸ்எம்எஸ்ஸில் இணைப்பாக வரலாம், மின்னஞ்சலில் வரலாம். சில கடைகளில் கவுன்டர் திரையில் தெரியும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து நாமே எடுத்துக்கொள்ளலாம்.

இது நமக்கு ஒன்றும் புதிதில்லை. 2017-ல் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்ததிலிருந்து அரிசி, சர்க்கரை வாங்கினால் போனுக்கு மெசேஜ் வருகிறது. வாங்காத பொருளுக்கு மெசேஜ் வந்தால் நேரே கடைக்குப் போய்க் கேட்கும் பழக்கமும் ஊரில் வந்துவிட்டது. மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் அதே உரிமை நமக்கு உண்டு.

‘எஸ்டிமேட்’ சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். அது பில்லா?

இல்லை. எஸ்டிமேட், கொட்டேஷன் என்று தலைப்புப் போட்ட சீட்டில் வரிசை எண் இருக்காது, ஜிஎஸ்டி எண் இருக்காது, பல நேரம் கடைப் பெயர்கூட இருக்காது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் எஸ்டிமேட்தான். ஹார்டுவேர், டைல்ஸ், மின்சாமான் கடைகளில் "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தரேன்" என்று சொன்னால் அந்தக் குறைப்புக்கு ஆசைப்படாதீர்கள். மோட்டார் காயில் எரிந்துபோகும் நாளில் வாரன்டிக்கு ஆதாரம் இல்லாமல் நிற்க வேண்டிவரும்.

காகித பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதுமே?

மை வைத்து அச்சடித்த பில்லோ கார்பன் வைத்து எழுதிய பில்லோ என்றால் சரி, பல வருஷம் தாங்கும். இப்போது பெரும்பாலான கடைகளில் தருவது தெர்மல் பேப்பர். அதில் மையே கிடையாது. காகிதத்தின் மேல் ஒரு ரசாயனப் பூச்சு இருக்கும். பிரிண்டரின் சூட்டில் அது கறுக்கும், அவ்வளவுதான் எழுத்து. சூட்டால் வந்த எழுத்து சூடு, வெயில், எண்ணெய், வியர்வை பட்டு மங்கிப்போகும். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்தால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். சில வகை பிளாஸ்டிக் பட்டால் அது இன்னும் சீக்கிரம் வெளுக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடக்கும் பில்லின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

அந்தப் பூச்சில் பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம் பரவலாகப் பயன்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் தெர்மல் காகிதத்தில் அதன் அளவை 0.02 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பில் கிழிக்கும் கல்லாக்காரருக்குத்தான் இது அதிகம் பொருந்தும். வாங்குகிறவர் பயப்பட வேண்டிய அளவு பெரிய விஷயம் இல்லை.

அப்புறம் நம் ஊரின் வெள்ளமும் புயலும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, ஓடு பறந்த வீடுகளில் பத்திரம், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் நனைந்து கூழாகிப்போயின. அந்த நிலைமையில் ஃப்ரிட்ஜ் பில்லை யார் தேடுவார்கள்? ஆனால் பழுதான சாமானை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது அங்கே முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.

எந்தக் கடைகளில் இது உண்மையாகவே பயன்படும்?

விதை, உரம், பூச்சிமருந்து விற்கும் கடைகளில். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சம்பாவுக்கு சிஆர் 1009 என்ற நெல் ரகத்தை வாங்கி விதைக்கிறீர்கள் என்று வையுங்கள். அறுவடைக்கு வர ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். முளைப்பு சரியில்லை என்றால் நாற்றங்காலிலேயே தெரிந்துவிடும். ஆனால் விதையில் கலவன், அதாவது வேறு ரக விதை கலந்து, இருந்தால் கதிர் வெளிவரும்போதுதான் தெரியும். சில குத்து முன்னாலேயே கதிர் தள்ளி நிற்கும், சில குத்து பச்சையாகவே இருக்கும். அதற்குள் விதைப் பை வேறு எதற்கோ போயிருக்கும், அதில் தைத்திருந்த சான்று அட்டையும் கிழிந்திருக்கும். விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கப் போனால் எந்த ரகம், குவியல் (லாட்) எண் என்ன, எந்தக் கடையில் எந்தத் தேதியில் வாங்கியது என்றுதான் கேட்பார். நான்கு கேள்விக்கும் பதில் ஒரே காகிதத்தில் இருந்தது, அது இப்போது வெளுத்துப்போயிருக்கும்.

1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணை, 1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள் மூன்றுமே விற்பவர் பில் தரவேண்டும் என்கின்றன. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உரிமை இருக்கிறது. அதை நிரூபிக்கும் பில்தான் பெரும்பாலும் இருப்பதில்லை. போனில் இருந்தால் ஐந்து மாதம் என்ன, ஐந்து வருஷம் கழித்தும் எடுக்கலாம்.

ஆனால் பில்லில் விவரம் இருக்கவேண்டும். ‘நெல் விதை, 2 பை’ என்று மட்டும் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் விவசாயிக்கு ஒரு பயனும் இல்லை. ரகம், குவியல் எண், காலாவதி தேதி மூன்றும் பில்லில் ஏறும்படி மென்பொருள்காரரிடம் சொல்லி அமைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்துக்கு பேட்ச் எண் வேண்டும். மென்பொருள் வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது மோட்டார், மிக்ஸி, ஃப்ரிட்ஜ் போல வாரன்டி உள்ள சாமான்கள். சீரியல் எண் பில்லில் இருப்பது அவசியம்.

நகையில் இன்னும் கவனம் வேண்டும். ஹால்மார்க் நகைக்கு 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்கம் கொண்ட, ஒவ்வொரு நகைக்கும் தனியான எச்யுஐடி குறி கட்டாயம். நிகர எடை, எத்தனை காரட், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை பில்லில் தனித்தனியாக வரவேண்டும். கும்பகோணத்தில் தாலிக்கொடி எடுத்தவர் பத்து வருஷம் கழித்து அதை மாற்றப் போகும்போது, அந்த எடையும் காரட்டும் எழுதிய பில்தான் பேரத்தில் அவர் பக்கம் நிற்கும். திருபுவனம் பட்டுக்கும் இது பொருந்தும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை என்று சொல்லி விற்கும்போது, அதே சொல்லை பில்லில் எழுதிக் கொடுக்கும் கடையை நான் அதிகம் நம்புவேன்.

காய்கறிக் கடை, டீக்கடை, வெற்றிலைக் கடை? தேவையில்லை. கால் கிலோ கத்தரிக்காய்க்கு போன் நம்பர் கேட்டு நிறுத்தினால் வரிசைதான் நீளும்.

கடைக்காரருக்கு இதில் என்ன லாபம்? எனக்கு பில் பேப்பர் ரோல் செலவுதான் மிச்சமா?

ரோல் செலவு மிச்சமாவது சின்ன லாபம்தான். பெரியது தகராறு குறைவது.

டெல்டாவில் உரக்கடை வியாபாரம் நிறையவே கடன் நோட்டில் ஓடுகிறது என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். நடவுக்கு டிஏபி, அப்புறம் யூரியா, நடுவில் ஒரு மருந்து. "அறுத்துத் தரேன் அண்ணே, எழுதிக்கங்க" என்று போவார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கணக்குப் பார்க்க உட்காரும்போதுதான் பேச்சு முற்றும். "மூணு மூட்டைதான் எடுத்தேன்", "இல்லை மாமா, நோட்டுல நாலு இருக்கு". ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பில்லும் மொத்தப் பாக்கியும் அவர் போனுக்குப் போயிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சந்தேகம் இருந்தால் அவர் அன்றைக்கே கேட்டிருப்பார். இரண்டு பேர் கையிலும் ஒரே கணக்கு இருந்தால், பல தலைமுறையாக வந்துபோகும் வாடிக்கையாளரை ஒரு மூட்டை உரத்துக்காக இழக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. ஒரு குவியல் எண்ணில் முளைப்பு சரியில்லை என்று தெரிந்தால், அது யார் யாருக்குப் போனது என்று மென்பொருளில் தேடி எடுக்கலாம். விதைக்காமல் வைத்திருப்பவருக்கு அன்றே போன் போட்டுச் சொல்லலாம். காகித பில் புத்தகத்தில் இதை நினைத்துப்பார்க்கவே முடியாது.

பொருள் திரும்பி வரும்போதும் உதவும். "பில்லைக் காணோம், ஆனா இங்கதான் வாங்கினேன்" என்று வருபவரைச் சந்தேகப்படவும் முடியாது, அப்படியே நம்பவும் முடியாது. நம்பரைப் போட்டுத் தேடினால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கணக்கு வேலையும் குறையும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் நீக்கப்பட்டு, பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் வந்தன. மென்பொருளில் பில் போட்ட கடைகள் விகிதத்தை ஒரு இடத்தில் மாற்றினால் போதுமாக இருந்தது. கையால் எழுதிய கடைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் விகிதத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டியிருந்தது.

எனக்கு ஜிஎஸ்டி பதிவே இல்லை. நான் டிஜிட்டல் பில் கொடுக்கலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் வரி வசூலிக்கக் கூடாது, அவ்வளவுதான். சாதாரண ரொக்க ரசீதாகக் கொடுங்கள்.

காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருப்பவர்களும் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. வரி பில்லுக்குப் பதிலாக ‘பில் ஆஃப் சப்ளை’ தரவேண்டும். தாங்கள் காம்போசிஷனில் இருப்பதையும் வரி வசூலிக்கத் தகுதி இல்லை என்பதையும் அதில் குறிப்பிடவேண்டும். மென்பொருளில் தவறான பில் வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லா பில்லிலும் வரி விழும். முதல் நாளே ஒரு பில் அடித்து ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

சட்டப்படி இது செல்லுமா? கையெழுத்தே இல்லையே?

செல்லும். மின்னணு ஆவணத்துக்கு 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டமே அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி கொடுக்கும் மின்னணு பில்லுக்குக் கையெழுத்து தேவையில்லை என்று 2018 டிசம்பரில் ஜிஎஸ்டி விதியும் திருத்தப்பட்டது.

200 ரூபாய்க்குக் கீழே வாங்கும், ஜிஎஸ்டி பதிவு இல்லாத வாடிக்கையாளர் பில் கேட்காவிட்டால் தனி பில் போடாமல் அன்றைய விற்பனையை மொத்தமாக ஒரே பில்லில் காட்டலாம். அவர் கேட்டால் கொடுக்கவேண்டும்.

‘இ-இன்வாய்ஸ்’ என்பது வேறு, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற வியாபாரிகளுக்கு விற்கும்போது அரசுத் தளத்தில் பதிவு செய்து எண் வாங்கவேண்டிய முறை அது. 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்த வரம்பு இருக்கிறது. கடைக்கு வரும் சாதாரண வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்லுக்கு அது பொருந்தாது.

கடைக்காரர் கணக்குகளை, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பரணில் ஏற்றி எலிக்குக் கொடுப்பதைவிட ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதியும் ஆன்லைனில் ஒரு பிரதியும் வைப்பது சுலபம்.

பில் போட மொபைல் நம்பர் கொடுத்தே ஆகவேண்டுமா?

வேண்டியதில்லை. நம்பர் தராவிட்டால் பில் போட முடியாது என்று வற்புறுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறைக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. "வேண்டாங்க, பேப்பர்லயே குடுங்க" என்று சொன்னால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் கொடுக்கவேண்டும்.

நீங்களே விரும்பி நம்பர் கொடுத்தாலும் அதற்கு எல்லை உண்டு. 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கென்றே ஓர் உதாரணம் இருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கும் ஒருவர் பணம் செலுத்தியதற்கு ரசீதை மெசேஜில் அனுப்பச் சொல்லித் தன் நம்பரைத் தருகிறார். அந்த ரசீதை அனுப்புவதற்காகக் கடை அதைப் பயன்படுத்தலாம் என்கிறது. ரசீதுக்கு என்று வாங்கிய நம்பருக்கு ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீட்டு, அட்சய திருதியை விளம்பரம் அனுப்ப வேண்டுமென்றால் அதற்குத் தனியாகச் சம்மதம் கேட்கவேண்டும். சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன.

கடைக்காரர்களிடம் இதை அழுத்தியே கேட்டுக்கொள்கிறேன். பில்லோடு விளம்பரத்தைச் சேர்த்து அனுப்பாதீர்கள். மாதம் நான்கு விளம்பரம் வந்தால் வாடிக்கையாளர் உங்கள் நம்பரை பிளாக் செய்துவிடுவார். பில்லும் அதோடு போய்விடும். நம்பரை இன்னொருவருக்குக் கொடுப்பதோ விற்பதோ நம்பிக்கைத் துரோகம். கல்லாவில் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வைக்காமல், கீபேடைத் திருப்பி அவரையே அடிக்கச் சொல்வது நல்ல பழக்கம். வரிசையில் நிற்கும் பெண்களுக்கு இது பெரிய நிம்மதி.

எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. அவர்களுக்கு?

காகிதம் கொடுங்கள். எல்லாருக்கும் டிஜிட்டல் என்று ஒரேயடியாக மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். ஆனால் தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 எழுத்துக்குறிகள்தான் அடங்கும். ஆங்கில எழுத்தில் 160. தமிழில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். அதனால் கடைப் பெயர், பில் எண், தேதி, தொகை என்று சுருக்கிக்கொண்டு, முழு பில்லைக் காகிதத்தில் கொடுப்பதே நல்லது. செலவு கூடினாலும் எஸ்எம்எஸ் தமிழிலேயே போகட்டும். படிக்க முடியாத ரசீதால் அவருக்குப் பலன் இல்லை.

வெளியூரில் இருக்கும் மகன், மகள் நம்பருக்கு அனுப்பச் சொல்லும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் சொன்னால் மட்டும் அனுப்புங்கள்.

கரண்ட் போனால், சிக்னல் இல்லாவிட்டால்?

ஐப்பசி, கார்த்திகையில் கட்டாயம் வரும் கேள்வி. கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. முழுக்க ஆன்லைனில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பிய கடை அந்த மாதிரி நாளில் விற்கவே முடியாது.

நெட் இல்லாமலும் பில் போட்டு, நெட் வந்ததும் தானாக அனுப்பும் மென்பொருளாகப் பாருங்கள். அதோடு கார்பன் வைத்த பில் புத்தகம் ஒன்று எப்போதும் கல்லாவில் இருக்கட்டும். பில் எண்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளில் இருக்க ஜிஎஸ்டி விதி அனுமதிக்கிறது. கைப்புத்தகத்துக்குத் தனி முன்னெழுத்து வைத்து வரிசையாக எழுதி, கரண்ட் வந்தபிறகு கணினியில் ஏற்றிவிடலாம்.

ஆரம்பிக்க நிறையச் செலவாகுமா?

சின்னக் கடை என்றால் இல்லை. போனில் பிசினஸ் வாட்ஸ்அப் செயலி இலவசம். பில்லிங் செயலியில் பில்லை பிடிஎஃப் ஆக்கி அதன் வழியே அனுப்பலாம். சொந்த நம்பரில் இதைச் செய்யாமல் கடைக்கென்று ஒரு நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். தெரியாத நம்பர்களுக்கு ஒரேயடியாக மெசேஜ் அனுப்பினால் கணக்கு முடக்கப்படலாம் என்பதால், "எங்க நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்று கல்லாவிலேயே சொல்லிவிடுங்கள்.

பில் எண்ணிக்கை கூடி, தானாக அனுப்பும் வசதி தேவைப்பட்டால் மெசேஜுக்கு இவ்வளவு என்று கட்டணம் வரும். கடைப் பெயரில் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் மெசேஜ் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும்.

வந்த பில்லை எப்படி வைத்துக்கொள்வது? போன் தொலைந்தால்?

வாரன்டி சாமான், நகை, விதை, மருத்துவச் செலவு இந்த நான்கு வகை பில்லை மட்டும் வாட்ஸ்அப்பில் விட்டுவைக்காமல் உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தலைப்பில் பொருள் பெயரும் வருஷமும் போட்டால் தேடும்போது வந்துவிழும். இணைப்பாக வரும் பில்லை உடனே இறக்கிச் சேமியுங்கள். சில இணைப்புகள் கொஞ்ச நாளில் செயலிழந்துவிடும். கையில் காகித பில்தான் இருக்கிறது என்றால் வீட்டுக்கு வந்ததும் ஒரு போட்டோ.

பில் என்ற பெயரில் மோசடி மெசேஜ் வருமாமே?

வருகிறது. நீங்கள் எதுவும் வாங்காதபோது வரும் பில்லைத் திறக்காதீர்கள். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது பில்லே இல்லை. போனில் நிறுவச் சொல்லும் செயலி. ரசீதுக்கு ஓடிபியும் பின் நம்பரும் ஒருபோதும் தேவைப்படாது. கடைகளின் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயரின் கடைசியில் ‘பி’ (P) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் விளம்பரம், ‘எஸ்’ (S) இருந்தால் சேவை மெசேஜ் என்று 2025 முதல் பிரித்துக் காட்டுகிறார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கடைக்காரர் எந்த பில்லுமே தர மறுக்கிறார். என்ன செய்வது?

முதலில் பொறுமையாகக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்கு பில் தராதது நேர்மையற்ற வணிகமுறைகளில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். பொருளிலும் குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். பில் இல்லையென்றால் யுபிஐ பரிவர்த்தனை விவரம், கடையோடு பேசிய மெசேஜ், பொருளின் படம் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.